சங்க அலுவலகத்துக் காற்று

எங்கள் கீழமுனையில் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நடை பழகும் குழந்தைகூடக் கடலைக் காட்டாது, வானத்தைக் காட்டாது, உப்பு உற்பத்தியாளர் சங்க அலுவலகத்தைத்தான் காட்டும். அங்கே கடைசி அறையில், இரும்பு மேசைமேல் நிற்கும் சாம்பல் நிறக் கணினிப் பெட்டியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மின்விசிறி இருக்கிறது, அது சுற்றினால் ஊரில் காற்றடிக்கும், அது நின்றால் ஊரில் ஒரு பனையோலை அசையாது.

ஏன் அப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள், காற்றுமூலத்தை மட்டும் பார்த்து என்ன ஆகப் போகிறது. அலுவலகத்தில் கணக்கு ஏற்றும் சந்தனமாரிதான் அதை முதலில் கண்டாள். பாத்தியோடு அடங்குகிற உப்பில்லை எங்கள் ஊர் உப்பு. ஜன்னல் கம்பியில் ஏறும், சைக்கிள் செயினில் ஏறும், பூட்டுக்குள் புகுந்து சாவியைத் தின்னும், கணினியின் வயிற்றுக்குள்ளும் போய்ப் பூத்து உட்கார்ந்துகொள்ளும். அதை அவ்வப்போது துடைக்காவிட்டால் பெட்டி சூடேறிச் செத்துப்போகும் என்று தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் படித்த காலத்திலேயே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதன்படி ஒரு நாள் பெட்டியை முறையாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் உப்புத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், முதுகில் வேர்வை காயாமல் நின்றுவிட்டிருந்தது. மூடியை மாட்டிப் பெட்டியைப் போட்டாள், காற்று வந்தது. சந்தேகப்பட்டு அணைத்தாள், போனது. மறுபடி போட்டாள், வந்தது.

சங்கத் தலைவர் கொம்பையா அலுவலக வாசலுக்கு வந்து நின்று, அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தனமாரிக்கு அவர் பெரியப்பா முறை.

"ஏட்டி, இது ஒன் வேலதானா?"

"நான் ஒண்ணும் பண்ணல பெரியப்பா. ஃபேனத் தொடச்சேன்."

"அப்பம் நல்லாத் தொட" என்று சொல்லிவிட்டு அவர் அளத்துக்குப் போய்விட்டார்.

அதிசயம் ஒரு வாரம் அதிசயமாக இருந்தது, பிறகு வசதியாகிவிட்டது. வற்றல் காயப்போட்டவள் வந்து, "கொஞ்சம் மெல்ல டைப் அடி தாயி, மொளகா பறக்கு" என்று கேட்டுக்கொண்டாள். கல்யாண வீட்டார் தாம்பூலத் தட்டோடு வந்து, பந்தல் பிரிக்கிற வரைக்கும் பெரிய கணக்கு எதையும் திறக்க வேண்டாம் என்றார்கள். பாத்தியில் உப்பு இறுகுகிற நாட்களில் கொம்பையா வந்து, எல்லா வருஷத்துக் கணக்கையும் ஒன்றாகத் திறந்துபோடு, மெஷின் திணறட்டும் என்பார். அவளும் திறந்துபோடுவாள், பெட்டி சூடேறும், விசிறி வேகம் பிடிக்கும், பனைகள் தலைவிரித்து ஆடும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்கு விடுமுறை என்பதால் ஞாயிறு முழுக்கக் காற்றிருக்காது, ஓய்வுநாளை இந்தப் பெட்டியாவது ஒழுங்காக அனுசரிக்கிறது என்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் எங்களைக் குத்திக்காட்டினார். கலெக்டர் அலுவலகத்துக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் காற்றுக்கு மனு எழுதிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

திசையும் பெட்டி கையில்தான் இருந்தது. ஒரு நாள் பிரிண்டர் வயரை மாட்ட வசதியாக அவள் பெட்டியைச் சற்றுத் திருப்பி வைத்தபோது கொடியில் கிடந்த சேலைகள் எல்லாம் வேறு பக்கம் பறந்தன, அப்போதுதான் பெட்டியின் முதுகு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைக்குக் காற்று போகும் என்று தெரிந்தது. அதிலிருந்து அளத்துத் தெருவுக்கும் கடற்கரைத் தெருவுக்கும் சண்டை. உப்புக்காரர்களுக்குக் கச்சான் வேண்டும், மேற்கேயிருந்து கடலைப் பார்த்து வீசுகிற வறண்ட காற்று, அதுதான் உப்பைக் காய வைக்கும். மீன்காரர்களுக்குக் கச்சான் அளவோடு இருந்தால் போதும், அளவு மீறினால் வள்ளத்தைக் கரைக்கு வரவிடாமல் வெளிக்கடலுக்குத் தள்ளும். பெட்டி உப்புச் சங்கத்துடையது, ஆகவே பேச்சு அதிகம் நீளவில்லை. முதுகைக் கடலுக்குக் காட்டிப் பெட்டியை வைத்து, அசையாமலிருக்கச் சுற்றிலும் மரச்சட்டம் அடித்துவிட்டார் கொம்பையா.

சந்தனமாரி இந்த இரண்டு தெருவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள். பிறந்தது அளத்துத் தெரு, கட்டிக்கொண்டது கடற்கரைத் தெருக் கஸ்மீரை. உப்பும் மீனும் சேர்ந்தால் கருவாடுதான் ஆகும், குடும்பமா ஆகும் என்று அப்போது எல்லோரும் கேலி பேசினோம். கருவாடு கெட்டுப்போகாது என்று கஸ்மீர் சொன்னான்.

இதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. காற்றை ருசி கண்டவர்களுக்குப் பகல் காற்று போதவில்லை. சாயங்காலம் அவள் பெட்டியை அணைத்துவிட்டுப் போனால் கொசு பிடுங்குகிறது, புழுங்குகிறது, பிள்ளைகள் அழுகின்றன என்று ஊர் கூடிப் பேசி, இனி பெட்டியை அணைக்கவே கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் கூடாது என்று முடிவு செய்தார்கள். மின்சாரம் போனாலும் நிற்காதபடி பெரிய பேட்டரியாக வாங்கி வைத்தார்கள்.

"வண்டி மாட்டையே பொழுது சாஞ்சா அவுத்துக் கட்டுதோம் பெரியப்பா" என்றாள் சந்தனமாரி. "இது ஓயவே இல்லன்னா எப்படி? உள்ள உப்பு ஏறுது. மாசம் ஒருக்காவாவது அணச்சுத் தொடைக்கணும், இல்லன்னா வெந்துரும்."

"தொடையேன். யாரு வேண்டாம்னா?"

"கரண்டு ஓடுதப்ப உள்ள கை வைக்கக் கூடாது. அணைக்கணும்."

"அணச்சு, திரும்ப வரலன்னா?"

அவளிடம் அதற்கு உறுதி இல்லை. எந்த இயந்திரத்துக்கும் யாரும் அந்த உறுதியைத் தர முடியாது. அதனால் பெட்டி ஓடியது, பகலெல்லாம் ஓடியது, இரவெல்லாம் ஓடியது, காற்று அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

ஓயாத காற்று என்னவென்று ஓயாத காற்றில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கதவுகள் தாமாக அடித்துக்கொண்டன, சோற்றில் மணல் நெறுநெறுத்தது, பேசினால் பேச்சு எதிரில் நிற்பவனுக்குக் கேட்காமல் அடுத்த தெருக்காரனுக்குக் கேட்டது, அதனால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை மூண்டது, நாய்கள் படுப்பதற்கு இடம் தேடித் தேடிச் சுற்றின, மனிதர்கள் உட்கார்ந்தால் எழுந்தார்கள், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்கள், ஒருவருக்கும் இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் உப்பு மலைமலையாகக் குவிந்தது. அதனால் யாரும் பெட்டியைக் குறை சொல்லவில்லை, ஒருவரை ஒருவர் சொல்லிக்கொண்டோம்.

எங்கள் எல்லோரையும்விடச் சந்தனமாரிக்குத்தான் தவிப்பு அதிகம். அந்த விசிறியின் சத்தத்தை அவள் வீட்டிலிருந்தே கேட்டாள். முன்பு ஹும்மென்று ஒரே சீராக இருந்தது இப்போது கரகரவென்று இழுத்தது.

"ஒம் மெஷினுக்குத் தொண்ட கட்டியிருக்கு" என்றான் கஸ்மீர், வலையைப் பிரித்துக்கொண்டே.

"கிண்டல் பண்ணாதீங்க. அது சளியில்ல, உப்பு."

அப்படியே புரட்டாசி முடியப்போகும்போது ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மண்வெட்டிக்கு ஓய்வு, உப்பு வாரும் பலகைக்கு ஓய்வு, லாரிக்கு ஓய்வு, தையல் மிஷினுக்கு ஓய்வு. ஊரில் அதிகம் உழைத்த பெட்டிக்கு மட்டும் ஓய்வில்லை. அதற்குப் பதிலாக மரியாதை செய்தார்கள். கொம்பையா தன் கையால் சந்தனத்தைக் குழைத்துப் பெட்டியின் முகத்தில் பூசினார், பக்கங்களில் பூசினார், காற்று உள்ளே போகிற ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொட்டு வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். சாமந்தி மாலை சாத்தினார்கள். கடைசியில், நம் ஊர்க் காற்றுத் தெய்வம் அம்மணமாக நிற்கலாமா என்று ஒருவர் கேட்க, கூறைப்பட்டு ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியைத் தலையோடு கால் போர்த்தினார்கள்.

"மூடாதீங்க பெரியப்பா, அதுக்கு மூச்சு முட்டும்" என்றாள் சந்தனமாரி.

"சாமிக்குப் பட்டு சாத்துனா மூச்சு முட்டுமா? நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவுட்டி."

சூடம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை முடிகிற வரைக்கும் தொடக் கூடாது என்பது வழக்கம், அதனால் அறையைப் பூட்டிச் சாவியைக் கொம்பையா இடுப்பில் செருகிக்கொண்டார். அவளும் வீட்டுக்கு வந்தாள்.

விடிந்தபோது காற்று சாதாரணமாகத்தான் இருந்தது. கஸ்மீரும் பக்கத்து வீட்டு ரொசாரியும் இன்னும் சிலரும் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறினபோது காற்றும் ஏறியது. முதலில் கூரை ஓலைகள் பறந்தன. பிறகு கூரையே பறந்தது. சைக்கிள்கள் யாரும் மிதிக்காமல் கடலைப் பார்த்து ஓடின, அளத்தில் உப்பு வெள்ளைப் புகையாகக் கிளம்பிக் கடல்மேல் போனது, ஒரு ஆடு போனது, கோயில் கொடி கம்போடு போனது. பட்டுக்குள் வெந்துகொண்டிருந்த பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விசிறியை முழுவேகத்தில் சுழற்றிக்கொண்டிருந்தது.

சந்தனமாரியின் போன் அடித்தது. கஸ்மீர் கத்தினான், காற்றும் கூடவே கத்தியது.

"மாரி, வெளிய தள்ளுது! முழு இஞ்சின் போட்டும் கர கிட்ட வர மாட்டேங்கு. டீசல் கொஞ்சந்தான் கெடக்கு!"

"எல்லாரும் ஒண்ணா இருக்கீங்களா?"

பதில் வருவதற்குள் அறுந்துவிட்டது.

அவள் தலைவிரி கோலமாகக் கொம்பையா வீட்டுக்கு ஓடினாள். ஓடினாள் என்பதைவிடக் காற்றைப் பிடித்துப் பிடித்து ஏறினாள் என்பதுதான் சரி. பின்னாலேயே ரொசாரியின் மனைவி பிலோமி வந்தாள், அவளுக்குப் பின்னால் கடற்கரைத் தெருப் பெண்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"சாவி தாங்க பெரியப்பா."

"இன்னும் மறுபூச ஆகல. நல்ல நேரம் வரட்டும். அது கோவமா இருக்கு, பாக்கத் தெரியலயா ஒனக்கு?"

"கோவம் இல்ல, சூடு. அவரு கடல்ல இருக்காரு. பிலோமி மைனி வீட்டு அண்ணனும் இருக்காவ. தாங்க."

"தொட்டா இன்னும் என்ன ஆகுமோ ஊருக்கு."

"நீங்க தரலன்னா கதவ ஒடைப்பேன்" என்றாள். பெரியப்பாவிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. அவர் இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்தார், ஆனால் அவள் கையில் கொடுக்கவில்லை, தானே முன்னால் நடந்தார்.

அறைக் கதவைத் திறந்ததும் சுட்ட மணம் வந்தது. அவள் மாலையை அறுத்தாள், பட்டை உருவினாள். பட்டின் உட்பக்கம் தோசை வெந்த நிறத்தில் இருந்தது. பெட்டியின் துளைகளில் எல்லாம் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது, ஒவ்வொரு பொட்டிலும் கொம்பையாவின் விரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"வயரப் பிடுங்கு மாரி!" என்றாள் பிலோமி.

"கூடாது மைனி. பாதி வேலையில புடுங்குனா செத்துரும். அப்புறம் காத்தே கெடையாது."

அவள் திரையில் ஒவ்வொரு கணக்காக மூடினாள். சூட்டில் மயங்கிக் கிடந்த பெட்டி ஒரு கணக்கை மூட ஒரு யுகம் எடுத்துக்கொண்டது, ஜன்னல் சட்டம் ஒன்று பெயர்ந்து அவள் தோளை உரசிக்கொண்டு போனது, அவள் கையை எடுக்கவில்லை. கடைசிக் கணக்கும் மூடி, திரை இருண்டு, விசிறி கரகரத்து, கரகரத்து, நின்றது. பறந்துகொண்டிருந்தவை எல்லாம் இருந்த இடத்தில் விழுந்தன. மாதக்கணக்கில் நாங்கள் கேட்காத அமைதி ஊருக்குள் வந்தது.

அந்த அமைதியில் போன் தெளிவாக அடித்தது. கஸ்மீரின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல இருந்தது.

"காத்து நின்னுட்டு. ஆனா டீசல் சுத்தமா இல்ல, யாருகிட்டயும் இல்ல. கரயே தெரியல. நீரோட்டம் வெளிய இழுக்குது, மாரி."

"தார்ப்பா கெடக்கா?"

"கெடக்கு. பாயாக் கட்டிப்புடுவோம். ஆனா கொண்டல் வேணும். கரயப் பாத்து அடிக்கணும்."

"கட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிளக்கைப் பிடுங்கினாள். ஜன்னலின் வெறும் இரும்புக் கம்பியை ஒரு முறை தொட்டுவிட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரம் பெட்டிக்குள் போய்விடக் கூடாதல்லவா, மூடியைக் கழற்றினாள். உள்ளே உப்பு விளைந்திருந்தது, பாத்தியில் விளைகிற மாதிரியே பளபளவென்று படிகமாக விளைந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டினாள், உலர்ந்த துணியால் துடைத்தாள், ஒவ்வொரு துளையிலும் சந்தனத்தைக் குத்தி எடுத்தாள். விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தாள். அது சுற்றவில்லை, அச்சில் குங்குமம் இறங்கிப் பிசினாகப் பிடித்திருந்தது.

"மைனி, ஒங்க தையல் மிஷின் எண்ண இருக்கா?"

பிலோமி ஓடிப்போய் எண்ணெய்க் குப்பியோடு வந்தாள். ஒரே ஒரு சொட்டு விட்டாள் சந்தனமாரி, கூட விட்டால் தூசியைக் கூப்பிடும். விரலால் தள்ளினாள், தள்ளினாள், விசிறி ஒரு சுற்று வந்தது, பிறகு இரண்டு, பிறகு தானாகவே வழுக்கிக்கொண்டு ஓடியது.

மூடியை மாட்டினாள். பிறகு சுத்தியலை எடுத்து மரச்சட்டத்தைப் பெயர்க்கத் தொடங்கினாள். அப்போதுதான் கொம்பையா சுவரை விட்டு வந்தார்.

"சட்டத்த எதுக்கு எடுக்க?"

"திருப்பப் போறேன்."

"கொண்டல் வந்தா மழ வரும். உப்பு அம்பாரம் ஒண்ணுகூட மூடல, எல்லாம் தொறந்து கெடக்கு. இந்த வருசத்து உப்பு பூராவும் தண்ணியாப் போவும். ஊரு சோத்துக்கு என்ன செய்யும்? தெரிஞ்சுதான் செய்யுதியா?"

"தெரிஞ்சுதான் செய்யுதேன் பெரியப்பா."

அளத்துத் தெரு வாசலில் நின்றது, கடற்கரைத் தெரு ஜன்னலில் நின்றது. கொம்பையா வாசலையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். ஆத்திரம், பயம், வெட்கம் எல்லாம் அவர் முகத்தில் வந்து வந்து போயின. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "என்னலே பாத்துக்கிட்டு நிக்கிய? ஓலையத் தூக்குங்க, மூடுனது வரைக்கும் மூடுங்க!" என்று கத்திக்கொண்டே அளத்தைப் பார்த்து ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை.

அவள் பெட்டியைத் தூக்கி, முதுகை மேற்கே காட்டி வைத்தாள். பிளக்கை மாட்டினாள், பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. பிலோமி கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டாள். சந்தனமாரி பிளக்கைக் கழற்றி, அதன் பித்தளைக் கால்களில் பூத்திருந்த உப்பைச் சேலைத் தலைப்பால் தேய்த்துத் தேய்த்து எடுத்து, மறுபடி மாட்டி அழுத்தினாள். உள்ளே ஏதோ ஒன்று செருமியது. விசிறி ஹும்மென்று எழுந்தது. கடல் பக்கத்து ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்து அவள் முகத்தில் மோதியது.

ஊரெல்லாம் ஓடியது, பாதி அளத்துக்கு, பாதி கடற்கரைக்கு. அவள் மட்டும் போகவில்லை. சட்டம் இல்லாத பெட்டி மேசைமேல் அதிர்ந்து நகர்ந்தது, விரலளவு திரும்பினால் அங்கே கடலில் பாய் வேறெங்கோ போகும், ஓடுகிற பெட்டியை ஆட்டினால் உள்ளே உள்ளதெல்லாம் போகும். அதனால் இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு, துளைகளை மறைக்காமல் விரல்களை விரித்துவைத்து, அப்படியே நின்றாள். வேகம் வேண்டும் என்று தோன்றியபோது மூக்கு நுனியால் விசைப்பலகையைத் தட்டி ஒவ்வொரு கணக்காகத் திறந்தாள். வானம் கறுத்தது. மழை வந்தது. அம்பாரங்கள் கரைகிற சத்தமும் அளத்துத் தெரு ஆட்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் அவளுக்குக் கேட்டன. அழுதாள், துடைத்துக்கொள்ளக் கையில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. தலையிலிருந்து கால்வரை நீர் சொட்டச் சொட்டக் கஸ்மீர் நின்றான், உதடு வெளுத்திருந்தது. அவன் உள்ளே ஓர் அடி வைக்கப் போனான்.

"ஈரக் கையோட கிட்ட வராதீங்க!" என்று அலறினாள் சந்தனமாரி. "அங்கனயே நில்லுங்க!"

அவன் நின்றான். அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

"இன்னும் யாரு வரணும்?"

"ரொசாரி வள்ளம்" என்றான் கஸ்மீர். "தூரத்துல பாய் தெரியுது."

அவள் பெட்டியை விடவில்லை. அவன் வாசலைத் தாண்டவில்லை. அளத்தில் கரைந்த உப்பு தெருவோடு ஓடிவந்து அவன் கணுக்காலை நனைத்துக்கொண்டு கடலுக்குப் போனது, பிலோமி கரையிலிருந்து "வந்துட்டாவ!" என்று கத்துகிற சத்தம் கேட்கிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.